நாறிய எண்ணெய்க்கு விலை வந்த கதை

கச்சா எண்ணெய் விலை ஏறிச்சு, இறங்கிச்சுன்னு தினமும் செய்தியில் கேட்கிறோம். ஒரு பேரல் இத்தனை டாலர் என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதைக் கேட்டால் பூமிக்கடியில் எங்கே துளை போட்டாலும் ஒரே மாதிரி எண்ணெய்தான் வரும் என்று தோன்றும். அது சரியில்லை.

நம்ம ஊர்க் கிணறுகளை நினைச்சுப் பாருங்க. ஒரு தெருவில் நல்ல தண்ணீர், ரெண்டு தெரு தள்ளினால் உப்புத் தண்ணீர். கச்சா எண்ணெயும் அப்படித்தான். ஒரு வயலில் தேன் நிறத்தில், தண்ணீர் மாதிரி ஓடும். இன்னொன்றில் தார் மாதிரி கருப்பாக, சூடு பண்ணினால்தான் நகரும். ஒன்றில் மெழுகு அதிகம், இன்னொன்றில் கந்தகம் அதிகம். அடிப்படையில் எல்லாமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஆயிரக்கணக்கான பொருள்களின் கலவை. எது எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

வியாபாரிகள் முதலில் இரண்டு விஷயத்தைப் பார்ப்பார்கள். ஒன்று, அடர்த்தி. இதை ஏபிஐ டிகிரி என்ற அளவில் சொல்வார்கள். அதில் தண்ணீருக்கு 10. எண் ஏற ஏற எண்ணெய் லேசு என்று அர்த்தம். வடகடலின் பிரென்ட் சுமார் 38, மெக்சிகோவின் மாயா சுமார் 22. இரண்டாவது, கந்தகம். அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'ஸ்வீட்', அதாவது இனிப்பு எண்ணெய். மேலே போனால் 'சவர்', புளிப்பு எண்ணெய். இந்த எபிசோடில் நான் சொல்லப்போவது கந்தகத்தின் கதை. யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த ஒரு எண்ணெய், எப்படிச் சிலரைப் பணக்காரர்களாக்கியது என்ற கதை. அது கடைசியில் நம்ம மணலி வரைக்கும் வந்து சேரும்.

முதல் எண்ணெய் நல்ல எண்ணெய்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் என்ற சின்ன ஊரில், 1859 ஆகஸ்டில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் வந்தது. நவீன எண்ணெய்த் தொழில் அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். அன்றைக்குக் காரும் இல்லை, பெட்ரோல் பங்க்கும் இல்லை. எண்ணெய் என்றால் விளக்கு எரிக்கும் மண்ணெண்ணெய்தான்.

பென்சில்வேனியா எண்ணெய் அதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. லேசானது, கந்தகம் மிகக் குறைவு. காய்ச்சி வடித்தால் பேரலில் 70 சதவீதத்துக்கும் மேல் மண்ணெண்ணெய் கிடைத்தது. அதைக் கந்தக அமிலத்தில் ஒருமுறை கழுவி, பிறகு காஸ்டிக் சோடாவில் கழுவினால் போதும், வாசனை அடங்கி, நிறம் தெளிந்துவிடும். சுத்திகரிப்புத் தொழில் மொத்தமும் இந்த ஒரு வகை எண்ணெயை வைத்துத்தான் பாடம் படித்தது.

அதே காலத்தில் உலகத்தின் இன்னொரு பக்கம், காஸ்பியன் கடலோரம் பாகுவில், வேறு பாடம் நடந்துகொண்டிருந்தது. பாகு எண்ணெய் கனமானது. அதில் மண்ணெண்ணெய் சுமார் 30 சதவீதம்தான். மீதி 'மாசுட்' என்கிற கெட்டியான எச்சம். அதை என்ன செய்வது? எரிபொருளாக்கினார்கள். நோபல் சகோதரர்களின் கப்பல்களும் ரஷ்ய ரயில் என்ஜின்களும் நிலக்கரிக்குப் பதிலாக மாசுட்டில் ஓடின. விளாதிமிர் மார்க்கோவ்னிக்கோவ் என்ற ரஷ்ய வேதியியலாளர் இந்த எண்ணெயை ஆராய்ந்து, இதிலுள்ள மூலக்கூறுகளில் நிறைய வளையமாக மூடிக்கொண்டவை என்று கண்டார். 1883-இல் அவற்றுக்கு 'நாப்தீன்' என்று பெயரும் வைத்தார். பென்சில்வேனியாவில் அதிகம் இருந்தவை சங்கிலி மாதிரி நீண்ட மூலக்கூறுகள். கப்பல்கள் எண்ணெயில் ஓடும் வழக்கம் முதலில் காஸ்பியனில் வேரூன்றியதற்கு, அந்த எண்ணெய் விளக்குக்கு அவ்வளவாக உதவாததும் ஒரு காரணம்.

லைமா

இப்போது மறுபடி அமெரிக்கா. 1880-களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவின் பெரிய வயலான பிராட்ஃபோர்டு இறங்குமுகத்தில் இருந்தது. 1881 அதன் உச்சம். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் கவலை. நாட்டின் சுத்திகரிப்பில் பெரும்பகுதி ஜான் டி. ராக்ஃபெல்லரின் இந்தக் கம்பெனி கையில் இருந்தது. எண்ணெய் தீர்ந்துபோனால் அத்தனை ஆலையும் பைப்லைனும் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

அந்த நேரத்தில்தான் 1885 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் லைமா நகரில் பெஞ்சமின் ஃபோரோ என்பவர் தன் காகித அட்டை ஆலைக்கு எரிவாயு தேடித் தோண்டினார். வந்தது எண்ணெய். ஊரே கிணறு வெட்ட இறங்கியது. எண்ணெய் நிறையவே வந்தது.

ஆனால் அது நாறியது. அழுகிய முட்டை நாற்றம். 'ஸ்கங்க் ஆயில்' என்றே பெயர் வைத்தார்கள். ஸ்கங்க் என்பது தொட்டால் நாற்றத்தைப் பீய்ச்சி அடிக்கிற ஒரு மிருகம். அந்த மண்ணெண்ணெயை விளக்கில் ஊற்றினால் திரி பொருக்குத் தட்டும், சிம்னி கரியேறும், வீடு முழுக்க நாற்றம் நிற்கும்.

காரணம், கந்தகம். அதுவும் எவ்வளவு? அரை சதவீதத்தை ஒட்டித்தான். இன்றைய கணக்கில் இனிப்புக்கும் புளிப்புக்கும் நடுவே எல்லைக்கோட்டில் நிற்கிற எண்ணெய் அது. ஆனால் பென்சில்வேனியாவில் படித்த பாடம் இங்கே பலிக்கவில்லை. அமிலத்தில் கழுவினாலும் காஸ்டிக்கில் கழுவினாலும் நாற்றம் போகவில்லை. இங்கே கந்தகம் எண்ணெயோடு வெறுமனே கலந்து நிற்கவில்லை. கார்பன் மூலக்கூறுகளோடு பிணைந்து, மண்ணெண்ணெயோடு சேர்ந்தே ஆவியாகி, சேர்ந்தே வடிந்தது.

விலை சரிந்தது. பேரல் 15 சென்ட் வரை இறங்கியது. நிலத்துக்காரர்களும் சின்னக் கிணற்றுக்காரர்களும் என்ன செய்வார்கள்? எண்ணெயைத் தேக்கி வைக்க டேங்க் வேண்டும், டேங்க் கட்டப் பணம் வேண்டும். கிடைத்த விலைக்கு விற்றார்கள்.

வாங்கியவர் ராக்ஃபெல்லர். 1886-லிருந்து பைப்லைன் போட்டு, டேங்க் கட்டி, கோடிக்கணக்கான பேரலைச் சேர்த்து வைத்தார். சுத்தம் செய்யும் வழி கையில் இல்லாதபோதே இதைச் செய்தார் என்பதைக் கவனிங்க. சொந்த இயக்குநர்களே எதிர்த்தார்கள். சார்லஸ் பிராட் கடுமையாக எதிர்த்தார். எண்ணெய்க் கிணறுகளிலேயே பிழைத்து வளர்ந்த ஜான் ஆர்ச்போல்டுகூட பயந்துபோய், தன் பங்குகளில் கொஞ்சத்தை முகமதிப்புக்குக் கீழே விற்றதாகச் சொல்வார்கள். கம்பெனி தயங்கினால் என் கைப்பணம் 30 லட்சம் டாலரைப் போடுகிறேன் என்று ராக்ஃபெல்லர் சொன்னதும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வரும்.

முழுக்கக் குருட்டுச் சூதாட்டம் என்றும் சொல்ல முடியாது. கையிருப்பில் ஒரு பகுதியை அடுப்பு எண்ணெயாக விற்றார்கள். 1888-இல் லைமாவிலிருந்து சிகாகோவுக்கு சுமார் 200 மைல் பைப்லைன் போட்டதே அதற்காகத்தான். ஆலைக் கொதிகலனில் எரிகிற எண்ணெய்க்கு நாற்றம் ஒரு பெரிய குறை இல்லை. பாகுவில் செய்ததைத்தான் இங்கேயும் செய்தார்கள். ஆனால் உண்மையான லாபம் விளக்கில்தான் இருந்தது. அதற்கு ஒரு வேதியியலாளர் தேவைப்பட்டார்.

ஹெர்மன் ஃப்ராஷ்

ஃப்ராஷ் 1851-இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1868-இல், பதினாறு வயசில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மருந்தியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பழகி, பிறகு எண்ணெய்க்கு வந்தார். 1880-களின் நடுவில் கனடாவின் ஒன்டாரியோவுக்குப் போனார். அங்கே பெட்ரோலியா வட்டாரத்து எண்ணெயிலும் இதே நாற்றம். லைமாவின் நோய்க்கு மருந்து தேட இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1886-இல் ஸ்டாண்டர்ட் ஆயில் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. எண்ணெயை வாங்கியது போலவே, மருந்து தெரிந்த ஆளையும் வாங்கிவிட்டது என்று சொல்லலாம்.

அவருடைய வழி இதுதான். வடித்த எண்ணெயைக் காப்பர் ஆக்சைடுத் தூளோடு சேர வைப்பது. தாமிரத்துக்குக் கந்தகத்தின் மேல் ஈர்ப்பு அதிகம். எண்ணெயில் ஒட்டியிருக்கும் கந்தகத்தை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டு காப்பர் சல்ஃபைடு ஆகிவிடும். எண்ணெய் சுத்தமாக வெளியே போகும். சரி, தாமிரம் விலை அதிகமாச்சே? அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அந்தக் காப்பர் சல்ஃபைடை உலையில் போட்டு வறுத்தால் கந்தகம் புகையாகப் போய்விடும், காப்பர் ஆக்சைடு திரும்பக் கிடைக்கும். அதையே மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். தாமிரச் செலவு இப்படிக் கட்டுக்குள் வந்ததால்தான் ஆய்வுக்கூட வித்தை ஆலைக்குப் போனது.

கந்தகம் எங்கே போனது? புகையாக ஊர்க் காற்றில் கலந்தது. அதற்கு அன்றைக்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

1888 வாக்கில் இந்த முறை தேறிவிட்டது. 1889-இல் சிகாகோவுக்குப் பக்கத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில், இந்தியானா மாநிலத்தின் வைட்டிங் என்ற இடத்தில் லைமா எண்ணெய்க்கென்றே ஒரு பெரிய ஆலையைக் கட்டத் தொடங்கினார்கள். அதை நடத்த உருவான கம்பெனிதான் ஸ்டாண்டர்ட் ஆயில் இந்தியானா. 1895 முதல் 1903 வரை அமெரிக்காவில் அதிகம் எண்ணெய் எடுத்த மாநிலம் ஒஹையோ. பத்து வருஷத்துக்கு முன்னால் 15 சென்ட்டுக்கு விற்ற எண்ணெய்!

இந்தக் கதையை வழக்கமாக ராக்ஃபெல்லரின் தைரியக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று உறுத்துகிறது. லைமா எண்ணெய் 1886-க்கும் 1889-க்கும் நடுவே மாறவில்லை. பூமிக்கடியில் அதே எண்ணெய், அதே கந்தகம். மாறியது, அதைப் பிரிக்கத் தெரிந்த அறிவு யாரிடம் இருந்தது என்பது மட்டும்தான். மட்டமான சரக்கு என்று விலை வைத்தவரும், அதை நல்ல சரக்காக மாற்றும் காப்புரிமையை வைத்திருந்தவரும் ஒரே ஆள். விற்றவருக்குக் காத்திருக்க வசதியில்லை. வித்தியாசத் தொகை முழுக்க டேங்கும் ஆய்வுக்கூடமும் வைத்திருந்தவர் பைக்குப் போனது.

ஃப்ராஷின் மீதிக் கதையும் சுவாரஸ்யம்தான். எண்ணெயிலிருந்து கந்தகத்தை விரட்டிய அவர், அடுத்து கந்தகத்தையே தேடிப் போனார். லூசியானாவில் புதைமணலுக்கு அடியில் கந்தகப் படிவம் இருந்தது, ஆனால் ஆள் இறங்கித் தோண்ட முடியவில்லை. அதிசூடான தண்ணீரைக் குழாய் வழியாக உள்ளே செலுத்தி, கந்தகத்தை உருக்கி மேலே கொண்டுவந்தார். அது 1894 டிசம்பர். அந்த முறைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் உலகத்துக்கு இன்று தேவைப்படும் கந்தகத்தில் பெரும்பகுதி சுரங்கத்திலிருந்து வருவதில்லை. கச்சா எண்ணெயையும் எரிவாயுவையும் சுத்தம் செய்யும்போது பிரிகிற கந்தகம்தான் அது. அன்றைக்குப் புகையாகப் போனது, இன்றைக்கு மஞ்சள் குவியலாக உர ஆலைக்குப் போகிறது.

மணலி

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1965-இல் சென்னைக்கு வடக்கே மணலியில் ஒரு சுத்திகரிப்பு ஆலைக்காக மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. ஆலை 1969-இல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறன். பங்குதாரர்கள் மூன்று பேர்: இந்திய அரசு, ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனி, அமெரிக்காவின் அமோகோ. இன்று நாம் சிபிசிஎல் என்று சொல்வது இதைத்தான்.

அமோகோ யார்? ஸ்டாண்டர்ட் ஆயில் இந்தியானாவின் கிளைதான். லைமாவின் நாறும் எண்ணெய்க்காக வைட்டிங்கில் பிறந்த அதே கம்பெனி. மணலி ஆலை எந்த எண்ணெய்க்காக வடிவமைக்கப்பட்டது? அமோகோவும் ஈரானும் சேர்ந்து பாரசீக வளைகுடாவில் கண்டெடுத்த டாரியஸ் வயலின் எண்ணெய்க்காக. லேசானதுதான், ஆனால் கந்தகம் லைமாவைவிடப் பல மடங்கு.

இன்றைக்குக் காப்பர் ஆக்சைடு கிடையாது. கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜனைச் செலுத்தி, கந்தகத்தை வாயுவாகப் பிரித்து, பிறகு அதைத் திடக் கந்தகமாக மீட்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததிலிருந்து நம்ம பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. புளிப்பு எண்ணெயை வாங்கி இந்த அளவுக்குக் கொண்டுவர முடிகிற ஆலைக்குத்தான், அந்த எண்ணெய் மலிவாகக் கிடைப்பதில் ஆதாயம். முடியாத ஆலை கூடுதல் விலை கொடுத்து இனிப்பு எண்ணெய் வாங்க வேண்டும்.

வைட்டிங் ஆலை இன்றும் ஓடுகிறது. 1998-இல் அமோகோ பிரிட்டிஷ் கம்பெனியான பிபியோடு சேர்ந்தது. பிறகு பெரும் செலவில் அந்த ஆலையை மாற்றி அமைத்தார்கள். எதற்கு? கனடாவிலிருந்து வரும் கனமான, கந்தகம் மிகுந்த எண்ணெயை வாங்கிச் சுத்தம் செய்ய.

அதனால் அடுத்தமுறை செய்தியில் பேரல் விலையைக் கேட்கும்போது, அது எந்த வயலின் எண்ணெய், அதை யாருக்குச் சுத்தம் செய்யத் தெரியும் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. விலைக்கான காரணத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.