இசைநூலகத்தில் பெயரின் வரலாறு

பாடல் செவிவழியே பரவுவது. பாடியவரின் பெயரோ எழுதி வைத்தாலன்றி நிலைபெறுவதில்லை. இசை தட்டுக்குள் புகுந்த நாள் தொட்டுக் கணினிக்குள் குடியேறிய இந்நாள் வரை, கலைஞரின் பெயரைப் பாடலோடு பிணைத்து வைக்கும் முயற்சி ஓயாது நடந்து வருகிறது. அம்முயற்சியின் வரலாறு இசையின் வரலாற்றிலேயே ஒரு பகுதியாகும்.

1902-ஆம் ஆண்டு நவம்பரில், கிராமபோன் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். பாடல் முடிந்ததும் அப்பாடகி தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்தார். தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாகி வந்த காலம் அது. இந்திய மொழி அறியாத அங்குள்ள தொழிலாளர், எது யார் பாடிய தட்டு என்று அறிந்து ஒட்டுத்தாள் பொறிப்பதற்கு அந்த அறிவிப்பே துணையாயிற்று. பாடலுக்குள்ளேயே பெயரைப் பொதிந்து வைக்கும் வழக்கத்திற்கு இஃது ஒரு பழைய சான்று.

ஒட்டுத்தாள் வந்த பின்னும் பெயர்கள் பிழைத்துவிடவில்லை. 1949-இல் வெளிவந்த ‘மஹல்’ என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆயின், இசைத்தட்டில் பாடகியின் பெயராக அச்சானது ‘காமினி’. அது மதுபாலா ஏற்று நடித்த பாத்திரத்தின் பெயர். குரல் நாடெங்கும் ஒலித்தது. குரலுக்குரியவர் திரைக்குப் பின்னே நின்றார். பெயரில்லாத புகழ் கலைஞருக்கு உணவாவதில்லை. உரிமைத்தொகையும் பெயரைத் தேடியே வருவது.

1982-இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. இசையை எண்களாக மாற்றிக் காத்த அத்தட்டில், பாடல்களின் எண்ணிக்கையும் நேரமும் இருந்தன. பாடியவர் பெயர் இல்லை. பெயர்களையும் தட்டில் சேர்க்கும் முறை பின்னர் வந்தபோதிலும், அதனைப் பின்பற்றிய தட்டுகள் சிலவே. இக்குறையைப் போக்க, 1993-இல் டீ கான் என்பவர் எழுதிய மென்பொருளிலிருந்து சிடிடிபி என்னும் தரவுத்தளம் வளர்ந்தது. பாடல்கள் தொடங்கும் நேரங்களையும் தட்டின் மொத்த நேரத்தையும் பாடல்களின் எண்ணிக்கையையும் கொண்டு ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடையாள எண் கணிக்கப்பட்டது. அந்த எண்ணுக்குரிய பெயர்களைப் பயன்படுத்துவோரே தட்டச்சிட்டு அனுப்பினர். பலர் கூடி இழுத்த தேர் அது. பின்னர் அது வணிக நிறுவனத்தின் கைக்கு மாறி, 2000-இல் கிரேஸ்நோட் என்று பெயர் பெற்றது. பொதுமக்கள் சேர்த்த செல்வம் தனியுடைமை ஆனது கண்டு மனம் வருந்தியோர் பலர். அவ்வருத்தத்தின் விளைவாக எழுந்தவற்றுள் ஒன்று, ராபர்ட் கே தொடங்கிய மியூசிக்பிரெயின்ஸ். 2004-இல் அது இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தது.

இதனிடையே, பாடற்கோப்புக்குள்ளேயே பெயரை எழுதும் முறையும் பிறந்தது. 1996-இல் எரிக் கெம்ப் வகுத்த ஐடி3 என்னும் குறிச்சொல் முறை, எம்பி3 கோப்பின் இறுதியில் 128 பைட்டுகளை ஒதுக்கியது. பாடலின் பெயருக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4 என அது பங்கிட்டது. இசை வகைக்கெனத் தொடக்கத்தில் அமைந்த 80 பெயர்களுள் கருநாடக இசைக்கு இடமில்லை.

தமிழர்க்கு இம்முறை மூன்று வகையில் இடர் தந்தது. முதலாவது, இடத்தின் சுருக்கம். இன்று பரவலாக வழங்கும் யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்கிறது. ‘டி. எம். சௌந்தரராஜன்’ என்று எழுதவே 50-க்கு மேல் வேண்டும். 30-இல் பெயர் பாதியில் அறுந்துவிடும். ஆங்கில எழுத்தில் எழுதினாலோ, ஒரே பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டு, ஒரு கலைஞர் நால்வராகிவிடுவார்.

இரண்டாவது, ‘கலைஞர்’ என்னும் ஒற்றைக் கட்டம். திரைப்பாடல் ஒன்றில் பாடியவர், இசையமைத்தவர், இயற்றியவர் என மூவர் உளர். ஒருவரை எழுதினால் இருவர் மறைவர். 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு, மூவர்க்கும் தனித்தனிக் கட்டம் அளித்து, யூனிகோடு எழுத்தையும் ஏற்றது. எனினும் கட்டம் இருத்தல் வேறு. அதனை நிரப்புதல் வேறு. விசுவநாதன்–இராமமூர்த்தி இரட்டையர் 1965-இல் பிரிந்தனர். அதற்கு முன் இருவரும் இணைந்து அமைத்த இசையை எம். எஸ். விசுவநாதன் பெயரில் மட்டும் பதிவு செய்தால், இராமமூர்த்தியின் உழைப்பு பட்டியலிலிருந்து அழிந்துபோகும்.

மூன்றாவது, அகரவரிசை. மேலைநாட்டு முறைப்படி இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு அடுக்கினால், தந்தை பெயரை முதலெழுத்தாக முன்வைக்கும் தமிழ் வழக்கு குழம்புகிறது. இச்சிக்கல் கணினிக்கு முற்பட்டது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய எஸ். ஆர். இரங்கநாதன், 1934-இல் வெளியிட்ட தம் நூற்பட்டியல் விதிகளில் இந்தியப் பெயர்களை எவ்வாறு பதிவது என்பதை ஆராய்ந்தார். நூலகத்தின் பழைய கேள்வியே இசைக்கோப்பிலும் எழுந்து நிற்கிறது.

இவற்றிற்கு மியூசிக்பிரெயின்ஸ் கண்ட தீர்வு எளியது: பெயரையும் ஆளையும் வேறு பிரித்தல். ஒவ்வொரு கலைஞருக்கும் மாறாத ஓர் அடையாளக் குறி. அதன் கீழ், வழங்கும் பெயர், மாற்றுப் பெயர்கள், வரிசைப்படுத்தும் வடிவம் எனத் தனித்தனிப் பதிவுகள். ஒரே பெயருடைய இருவரை வேறுபடுத்தச் சிறு குறிப்பும் உண்டு. தட்டில் அச்சான பெயரையும் மாற்றாது காத்துக்கொள்ளலாம். ஆகவே ‘காமினி’ என்ற அச்சும் அழியாது. லதா என்ற உண்மையும் மறையாது.

கருவிகள் இன்று போதிய அளவு உள்ளன, குறைவது கவனமே. பள்ளி விழாவில் மாணவர் பாடும் பாடலைச் சேமிக்கும் ஆசிரியர் முதல், பழைய தட்டுகளைக் கணினியில் ஏற்றும் இளைஞர் வரை, பாடியவர், இசைத்தவர், இயற்றியவர், ஆண்டு என்னும் நான்கையும் தமிழில் பிழையறப் பதிவார்களாயின், நாளைய ஆய்வாளர் இருளில் தடவ வேண்டியதில்லை. பாடலைக் காப்பது பாதிப் பணி. பாடியவரைக் காப்பதே மறுபாதி.