கண்மணி ஏன் கறுப்பு?

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்டுக்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டு, ஒரு 20 டயாப்டர் லென்ஸ், ஒரு செல்போன் போதும். லென்ஸை ஒரு கண் டாக்டர் இரவல் கொடுத்திருந்தார். செல்போனிலேயே விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும், அதுதான் திட்டம். இதை எடுத்துக்கொண்டதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது. என் அத்தைக்குப் பல வருடமாகச் சர்க்கரை. கண்ணில் வலியோ உறுத்தலோ எதுவும் இருந்ததில்லை. ஒருநாள் காலையில் எழுந்து, இடது கண்ணில் ஒட்டடை தொங்குகிற மாதிரி இருக்கிறது என்றார். அன்றைக்கே அழைத்துப் போனோம். உள்ளே ரத்தம் கசிந்து பரவியிருந்தது.

மாதிரிக் கண்ணுக்கு ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை வெட்டி, உள்ளே சிவப்புப் பேனாவால் ரத்தக் குழாய்களை வரைந்து, மறுபடி ஒட்டினோம். முன்பக்கத்து ஓட்டையில் ஒரு சின்னக் குவிலென்ஸ். பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் ஓட்டை கன்னங்கரேலென்று இருந்தது. செல்போனின் ஃபிளாஷைப் போட்டால் திரை நடுவே பெரிய வெள்ளைப் பொட்டு. இரண்டு வாரம் இதே கதைதான். எங்கள் வழிகாட்டி சார் வந்து பார்த்தார். "கண்மணி ஏன் கறுப்பா இருக்கு? அதுக்குப் பதில் கண்டுபிடிச்சுட்டு அப்புறம் குழாயைத் தொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வியோடு நூலகத்தில் உட்கார்ந்தபோதுதான், மனிதர்கள் எத்தனை காலம் அந்தக் கறுப்பு வட்டத்தின் வாசலிலேயே நின்றிருக்கிறார்கள் என்று புரிந்தது. நாகமுனிவர் பெயரில் வழங்கும் நயன விதி, கண் நோய்களை 96 என்று எண்ணுகிறது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளைப் பற்றிக் குறிப்பு எழுதிவைக்கச் சொன்னார். அந்தத் தாள்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. நோயாளியின் கண்ணையே வண்ணத்தில் வரைந்திருக்கிறார்கள். அவற்றின் அச்சுப் படங்களை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவியரின் கை அவ்வளவு நேர்மையானது. ஆனால் வெளிக்கண் வரைக்கும்தான் அவரால் போக முடிந்தது. சென்னையில் 1819-இல் கண் மருத்துவமனை தொடங்கியாகிவிட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அது ஒன்று. அங்கிருந்த டாக்டர்களுக்கும் உயிருள்ள மனிதரின் விழித்திரை எப்படியிருக்கும் என்று பார்க்க அப்போது வழியில்லை.

வழி பிறந்தது பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில், 1850-இன் கடைசி மாதங்களில். ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு அப்போது 29 வயது. உடலியல் பேராசிரியராக இருந்தார். கண்ணுக்குள் போன வெளிச்சம் போன வழியே திரும்பி வருகிறது என்பதை மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும் அந்த வெளிச்சத்தைப் பிடிக்க, பார்க்கிறவரின் கண் விளக்கு இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும். தலையை அங்கே கொண்டுபோனால் விளக்கு மறைந்துவிடுகிறது. கண்மணி கறுப்பாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். உள்ளே இருட்டு என்பதால் இல்லை. அவர் ஒரு கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்தார். பக்கத்திலிருந்த விளக்கின் ஒளி அதில் பட்டு நோயாளியின் கண்ணுக்குள் போகும். திரும்பும் ஒளியில் ஒரு பங்கு அதே தகட்டை ஊடுருவிப் பார்க்கிறவரின் கண்ணுக்கு வரும். அட்டை, பசை, மூக்குக்கண்ணாடி லென்ஸ், மைக்ரோஸ்கோப்பில் மாதிரிகளை மூடும் மெல்லிய கண்ணாடி, இவ்வளவுதான் அவருடைய சாமான்கள். சுமார் எட்டு நாள் விடாமல் முயன்ற பிறகு விழித்திரை தெரிந்தது. 1851-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். வகுப்பில் காட்டுவதற்காக அட்டையில் ஒட்டிச் செய்த பொருளிலிருந்துதான் நவீன கண் மருத்துவம் புறப்பட்டது என்பதை ஒவ்வொரு புராஜெக்ட் மாணவருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அவருக்கு முன்பே, 1847 வாக்கில், கணிப்பொறிக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் சார்லஸ் பாபேஜ், கண்ணாடியின் பின்பக்க ரசத்தைக் கொஞ்சம் சுரண்டி இதே மாதிரி ஒரு கருவி செய்து ஒரு கண் மருத்துவரிடம் காட்டினார். மருத்துவர் அதன் அருமையை உணரவில்லை. பாபேஜும் அதை விட்டுவிட்டார்.

1852-இல் ரூட்டே என்ற ஜெர்மானியர், நடுவில் துளையுள்ள குழி ஆடியோடு ஒரு குவிலென்ஸையும் சேர்த்தார். விழித்திரையின் பிம்பம் தலைகீழாக அந்தரத்தில் விழும். எங்கள் பிவிசி குழாய் செய்ததும் அதேதான். படம் எடுக்கப் புறப்பட்டவர்களின் பாடுதான் பெரிது. 1886-இல் இங்கிலாந்தில் ஜாக்மேனும் வெப்ஸ்டரும் எடுத்த விழித்திரைப் படத்துக்கு இரண்டரை நிமிடம் கண் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தையும் கருவிழியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் கெடுத்திருந்தது. எங்கள் வெள்ளைப் பொட்டு அங்கேயும் இருந்தது! வெளிச்சம் கண்மணியின் ஒரு பகுதி வழியாகப் போகட்டும், பார்வை இன்னொரு பகுதி வழியாக வரட்டும் என்று பிரித்துக் கொடுத்தவர் ஸ்வீடனின் ஆல்வர் குல்ஸ்ட்ராண்ட். கண்ணின் ஒளியியலுக்காக 1911-இல் நோபல் பரிசு பெற்றவர். அந்த வழியில் 1926-இல் ட்ஸைஸ் நிறுவனத்தின் விழித்திரைக் கேமரா விற்பனைக்கு வந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு லேபுக்குப் போய் முதலில் லென்ஸைக் கொஞ்சம் சாய்த்தோம். பழைய கால்குலேட்டர் திரையிலிருந்து உரித்த போலரைசர் தாளை இரண்டாக வெட்டி, ஒன்றை ஃபிளாஷ் மேலும் மற்றதைக் குறுக்காகத் திருப்பிக் கேமரா மேலும் ஒட்டினோம். பொட்டு மங்கி விலகியது. நான் பேனாவால் போட்ட சிவப்புக் கோடு தலைகீழாகத் திரையில் வந்து நின்றபோது நாங்கள் யாரும் பேசவில்லை. பிறகு கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, ஃபிளாஷின் வெளிச்சத்தைக் குறைத்து, எங்களில் ஒருவனுக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, டாக்டரே பிடித்துப் பார்த்தார். ஆரஞ்சு வண்ணத் தரையில் வெளிர்மஞ்சள் வட்டம். அதிலிருந்து கிளை பிரிந்து ஓடும் குழாய்கள். பார்வை நரம்பு தொடங்கும் இடம் அந்த வட்டம். அத்தையின் கண்ணுக்குள் யாராவது இரண்டு வருடம் முன்பே இப்படிப் பார்த்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், பார்வை நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னாலும் வருடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிடுங்கள். சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். வண்டி ஓட்ட வேண்டாம். துணைக்கு ஒருவர் கூடவே போங்கள்.