கிடாருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு பெட்டி: ஆடியோ இன்டர்பேஸ் வந்த கதை

கையில் ஒரு எலெக்ட்ரிக் கிடார். மேசை மேல் ஒரு கணினி. நடுவில் ஒரு கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றும். கணினியின் மைக் துளையில் செருகிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் வருவது நம் கிடார் மாதிரியே இருக்காது. கம்பளியால் மூடியது போல மந்தமாக இருக்கும். பின்னால் ஒரு இரைச்சல் ஓடும். போதாக்குறைக்கு நாம் தட்டிய சுரம் சற்றுத் தாமதித்துக் கேட்கும்.

இந்தத் தொல்லைகளைத் தீர்க்க வந்ததுதான் ஆடியோ இன்டர்பேஸ் என்ற சின்னப் பெட்டி. ஆனால் அதை வாங்கப் போனால் வேறு தலைவலி. ஹை-இசட், 48 வோல்ட், டைரக்ட் மானிட்டர், ஏசியோ, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் வரிசையாக எழுதியிருப்பார்கள். இதில் எது நமக்கு வேண்டும்? எதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை? நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இது வருடத்துக்கு ஒன்று மாற்றக்கூடிய பொருள் இல்லை. அதனால் கேள்வி முக்கியமானது.

இதற்கான பதில் விளம்பரத்தை விட வரலாற்றில் தெளிவாகக் கிடைக்கிறது. அந்தப் பெட்டியில் உள்ள குமிழ், துளை, சுவிட்ச் எல்லாமே யாரோ எப்போதோ பட்ட பாட்டுக்குக் கிடைத்த தீர்வுகள். அந்தப் பாடு நமக்கும் உண்டா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

பிக்கப்பின் பலவீனம்

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் சேர்ந்து ஒரு எலெக்ட்ரிக் கிடாரைச் செய்தார்கள். வாணலி போல இருந்ததால் அதற்கு 'ஃப்ரையிங் பேன்' என்றே பெயர் வந்துவிட்டது. காந்தம், அதன் அருகே செம்புக் கம்பிச் சுருள், மேலே அதிரும் இரும்புக் கம்பி. கம்பி அதிர்ந்தால் சுருளில் சிறு மின்சாரம் பிறக்கும். இன்றைய கிடார் பிக்கப்பும் இதே தத்துவம்தான்.

ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட அந்தச் சுருளுக்கு இம்பீடன்ஸ் அதிகம். சுலபமாகச் சொன்னால், அது ஒரு மெலிந்த ஆள். தலையில் பாரம் ஏற்றினால் தள்ளாடும். கிடார் ஆம்ப்ளிஃபயர்கள் இதை உணர்ந்து, சுமார் 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகாஓம் அளவுக்கு உள்ளீட்டை வைத்தன. எண் பெரிதானால் பிக்கப் மேல் விழும் பாரம் குறைவு. கணினியின் மைக் துளையிலோ சில ஆயிரம் ஓம்தான். லைன்-இன் துளை பரவாயில்லை என்றாலும் சில பத்தாயிரங்களைத் தாண்டாது. இந்தப் பாரத்தில் முதலில் தொலைவது உயர் அதிர்வெண்கள், அதாவது கம்பியின் அந்தப் பளிச்சென்ற ஒலி. கம்பளி மூடிய சத்தத்துக்குக் காரணம் இதுதான். இன்டர்பேஸில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று எழுதிய சுவிட்ச் செய்வது இந்த ஒரு வேலையைத்தான்.

ஸ்டுடியோக்கள் கற்றுத் தந்தவை

வீட்டில் பதிவு செய்யும் ஆசை கணினியோடு பிறந்தது அல்ல. லெஸ் பால் என்ற கிடார் கலைஞர் ஹாலிவுட்டில் தன் வீட்டு கராஜையே ஸ்டுடியோவாக்கி, 1948-இல் வெளிவந்த ஒரு இசைத்தட்டில் பல கிடார் பகுதிகளையும் தானே வாசித்தார். ஒரு தட்டை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் இன்னொரு தட்டில் வெட்டுவது அவர் முறை. ஏழாவது அடுக்கில் கை தவறினால் முன் உழைப்பும் சேர்ந்து வீணாகிவிடும். பிறகு 1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்திடம் எட்டு டிராக் டேப் இயந்திரத்தை வாங்கினார். விலை 10,000 டாலர்! பழைய பதிவைக் கேட்டபடியே புதிதாக வாசிப்பதுதான் இன்றும் வீட்டுப் பதிவின் உயிர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1960-களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் ஸ்டுடியோவில் இடம் குறைவு, ஆட்கள் அதிகம். அங்கே கிடாரையும் பாஸ் கிடாரையும் ஆம்ப் இல்லாமல் நேரடியாக மிக்ஸிங் கன்சோலிலேயே இணைக்கும் வழக்கம் வந்தது. 1968-இல் பீட்டில்ஸ் குழு 'ரெவல்யூஷன்' பாடலில் கிடாரை நேராகக் கன்சோலில் செருகி, வேண்டுமென்றே அளவு மீறி ஏற்றி, அந்தக் கரகரப்பையே பாடலின் அடையாளமாக்கியது. ஆம்ப் இல்லாமலும் கிடாரைப் பதிவு செய்யலாம் என்பதற்கு இவை பழைய சாட்சிகள்.

அட்டையில் உள்ள 48 வோல்ட் வந்த கதை இன்னும் சுவையானது. கண்டென்சர் வகை மைக்குகளுக்கு மின்சாரம் வேண்டும். 1966-இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காக, மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் முறையைத் தயாரித்தது. அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக ஏற்கனவே 48 வோல்ட் மின்சாரம் இருந்தது. சரி, அதையே பயன்படுத்துவோம் என்றார்கள். நார்வேயின் அவசர விளக்கு இன்று நம் மேசை வரை வந்துவிட்டது! அகௌஸ்டிக் கிடாரை கண்டென்சர் மைக் வைத்துப் பதிவு செய்பவருக்கு இது அவசியம். எலெக்ட்ரிக் கிடாரை நேரடியாகச் செருகுபவருக்கு இது தேவையே இல்லை.

கேசட்டில் ஒரு புரட்சி

1979-இல் டியாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்ற கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு டிராக், கூடவே ஒரு சிறிய மிக்ஸர். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் நியூஜெர்சியில் ஒரு வீட்டில் உட்கார்ந்து இதில் சில பாடல்களை மாதிரிக்காகப் பதிவு செய்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவுக்குப் போய் முயன்றும் அந்த உணர்வு வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட் பதிவே 'நெப்ராஸ்கா' ஆல்பமாக வெளிவந்தது. கருவி எளியது என்பதால் பாட்டு எளிதாகப் போய்விடாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கணினி வந்தது, தாமதமும் வந்தது

1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டை வெளியிட்டது. 1992-இல் வந்த 'சவுண்ட் பிளாஸ்டர் 16' சிடி தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸைத் தொட்டது. ஆனால் அவற்றின் முக்கிய வாடிக்கையாளர்கள் விளையாட்டுப் பிரியர்கள். மைக் துளை பேசுவதற்காக வைத்தது. கார்டு இருந்த இடமோ கணினியின் வயிறு. சுற்றிலும் மின் இரைச்சல். தொழில்முறை ஸ்டுடியோக்களுக்கு டிஜிடிசைன் நிறுவனம் 1991-இல் 'புரோ டூல்ஸ்' கொண்டுவந்தது. நான்கு டிராக்குக்கு விலை சுமார் 6,000 டாலர். மாணவர்கள் எட்டிப் பார்க்கவும் முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் தாமதம். லெஸ் பால் செய்தது நினைவிருக்கிறதா? பழைய பதிவைக் கேட்டபடி வாசிக்க வேண்டும். விண்டோஸில் ஒலி பல மென்பொருள் அடுக்குகளைக் கடந்து திரும்புவதற்குள் 100 மில்லி வினாடிக்கு மேலும் ஆகிவிடும். அந்த நிலையில் தாளத்தோடு வாசிக்கவே முடியாது. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் 'ஏசியோ' என்ற முறையைக் கொண்டுவந்து, அந்த அடுக்குகளைத் தாண்டி மென்பொருளையும் கார்டையும் நேரடியாகப் பேச வைத்தது. தாமதம் சில மில்லி வினாடிகளுக்கு இறங்கியது. ஒலி 10 மில்லி வினாடியில் சுமார் 3.4 மீட்டர் போகும். அதாவது ஆம்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று வாசிப்பது போல. அது பழகிப்போகும்.

பெட்டி வெளியே வந்தது

யூஎஸ்பி 1996-இல் வந்தது. கார்டு வயிற்றிலிருந்து வெளியேற வழி பிறந்தது. 2002-இல் டிஜிடிசைனின் 'எம்பாக்ஸ்' இரண்டு உள்ளீடு, நல்ல பிரீஆம்ப், 24 பிட் என்று மேசை மேல் உட்கார்ந்தது. அதில் ஒரு குமிழ் உண்டு. கணினிக்குள் போகாமலே நம் வாசிப்பை நேராக ஹெட்போனுக்கு அனுப்பி, பழைய பதிவோடு கலந்து தரும். தாமதத்தைக் குறைப்பதற்குப் பதில் அதைச் சுற்றிப் போகும் வழி இது. டைரக்ட் மானிட்டர் என்பது இதுவே. 2011-இல் வந்த ஃபோகஸ்ரைட் 'ஸ்கார்லெட் 2ஐ2' இதே வடிவத்தை உலகெங்கும் படுக்கையறைகளுக்குக் கொண்டுபோனது.

இடையில் ஒரு சோகக் கதையும் உண்டு. யூஎஸ்பியின் தொடக்க வேகம் நொடிக்கு 12 மெகாபிட்தான். ஃபயர்வயரோ 400 மெகாபிட். அதனால் 2001-இலிருந்து விலையுயர்ந்த இன்டர்பேஸ்கள் பல ஃபயர்வயரில் வந்தன. பிறகு கணினிகளில் அந்தத் துளையே காணாமல் போனது. 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஆப்பிள் அதற்கான ஆதரவையும் எடுத்துவிட்டது. பெட்டிகள் இன்னும் நன்றாகவே வேலை செய்யும். பேசத்தான் ஆள் இல்லை. இன்டர்பேஸ் பெரும்பாலும் கெட்டுப்போய்ச் சாவதில்லை, டிரைவர் இல்லாமல் சாகிறது.

சரி, எதை வாங்குவது?

வரலாறு சொல்லும் வரிசை இது.

1. ஹை-இசட் உள்ளீடு, 1 மெகாஓம் அளவில். எலெக்ட்ரிக் கிடாருக்கு இது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

2. விண்டோஸ் என்றால் தயாரிப்பாளரே தரும் ஏசியோ டிரைவர். கணினிக்குள் ஆம்ப் மென்பொருள் வைத்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இது மிக மிக முக்கியம். ஏனென்றால் டைரக்ட் மானிட்டரில் கேட்பது ஆம்ப் இல்லாத வெறும் கிடார் ஒலி.

3. தனி டிரைவர் இல்லாமலும் இயங்குமா என்று பாருங்கள். இதை 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' என்பார்கள். நிறுவனம் கைவிட்டாலும் பெட்டி பிழைத்துக்கொள்ளும். பழைய பொருள் வாங்கும்போது முதல் கேள்வியே இதுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஃபயர்வயர் பெட்டியைத் தூக்கி வந்துவிடாதீர்கள்.

4. 24 பிட் வேண்டும். ஒலி அளவைத் தாழ்த்திப் பதிவு செய்தாலும் இரைச்சல் மேலே வராது.

5. 192 கிலோஹெர்ட்ஸுக்காகக் கூடுதல் காசு வேண்டாம். கிடார் ஸ்பீக்கர்களே சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவு 20,000 வரை பிடித்துவிடும். தனியாக வாசிப்பவருக்கு எட்டு உள்ளீடுகளும் வேண்டாம், இரண்டு தாராளம்.

ஒரு காலத்தில் 10,000 டாலர் கொடுத்தவருக்கு மட்டும் கிடைத்த வசதி இன்று ஒரு சாதாரண கிடாரின் விலைக்குள் வந்துவிட்டது. மிச்சமாகும் காசில் புதுக் கம்பிகள் வாங்கி மாட்டுங்கள். பதிவில் அந்த வித்தியாசம் உடனே காதில் கேட்கும்.