கரைவாகுப் பற்றிற் கணக்குக் கேட்ட மரபு

பொதுப்பணத்தைக் கையாளுவோரை அப்பணத்தைக் கொடுத்த மக்கள் கேள்வி கேட்பது மேனாட்டாரிடமிருந்து இலங்கையர் கற்றுக்கொண்ட புதுப்பாடம் என எண்ணுவோர் உளர். ஆயின், கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை முதலிய ஊர்களின் பழைய வாழ்க்கையை உற்று நோக்குவோர் அவ்வாறு கூறத் துணியார். கீழ்த்திசைக் கடலுக்கும் மேற்கே பரந்து கிடக்கும் வயல்களுக்கும் இடையே அமைந்த இவ்வூர்களில், அக்கேள்வி முதன்முதல் எழுந்த இடம் வயல் வரம்பேயாகும்.

வட்டை எனப்படும் வயற்பரப்புப் பலருக்கு உரியது. அதனை ஊட்டும் வாய்க்காலோ ஒன்றே. மேல்வயற்காரன் நீரை மறித்தால் கீழ்வயல் காயும். ஒருவன் வேலியடைக்கத் தவறினால் மற்றவன் பயிரை மாடு மேயும். ஆகவே, வேளாண்மை தொடங்குமுன் உழவர் ஒன்றுகூடி, விதைப்பு நாளையும் வாய்க்கால் வெட்டும் முறையையும் தீர்மானித்தனர். அவற்றை நிறைவேற்றுவதற்கு வட்டைவிதானை என்னும் ஒருவரை அமர்த்தினர். அவருக்குரிய ஊதியம் நெல்லாகவே அளக்கப்பட்டது. சுவந்திரம் என்பது அதன் பெயர். விளைந்த நெல் களவெட்டிக்கு வந்தபின்னரே அதனை அளப்பர். பணி முடிந்த பின் கூலி; கூலி கொடுப்போரே பணியின் பயனைக் கண்ணாரக் கண்டோர். மேற்பார்வைக்கு இதனினும் எளிய ஏற்பாடு வேறு யாதுளது?

வழிபாட்டிடங்களிலும் இம்மரபு விளங்கிற்று. தாய்வழியாக எண்ணப்படும் குடிகள் இக்கரையின் முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் ஒருங்கே காணப்படுபவை. பள்ளிவாசலின் நிருவாகத்திலே குடிக்கொரு மரைக்காயர் அமர்ந்தார். கோயிலிலே வண்ணக்கர் முதலியோர் குடிமுறைப்படி பொறுப்பேற்றனர். பொதுச் சொத்தை ஒருவர் தனித்து ஆளாமல், ஒவ்வொரு குடியின் கண்ணும் அதன்மீது பதிந்திருக்கச் செய்தமையே இவ்வேற்பாட்டின் நுட்பம். எனினும், குடிப்பெருமை அற்றோர் குரலும் பெண்கள் குரலும் இவ்வவைகளில் ஒலித்தல் அரிதாயிருந்தது என்பதையும் மறைத்தலாகாது.

பிரித்தானியர் ஆட்சியில் 1832-ஆம் ஆண்டு இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியத்தின் கொடுமை நீங்கியது நன்றே. ஆனால், குளமும் வாய்க்காலும் பேணுதற்குரிய பழைய கட்டுப்பாடும் அதனோடு தளர்ந்தது. இக்குறையை உணர்ந்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், 1856-ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் வாயிலாக, உழவரின் பழைய வழக்கங்களுக்குச் சட்டத்தின் வலுவை அளித்தார். இறக்காமக் குளம் முதலியவை அவர் காலத்திலே திருத்தம் பெற்றன. மட்டக்களப்பின் தென்பகுதி வயல்கள் மீண்டும் செழித்தமைக்கு அணைக்கட்டு மட்டுமன்றி, அதனைக் காக்க ஒன்றுகூடிய உழவர் அவையும் காரணமாம்.

1871-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு வழிவகுத்தது. பாதை, கிணறு, குளம், மேய்ச்சல் ஆகியவற்றுக்கு ஊரவரே விதி வகுக்க இடமளிக்கப்பட்டது. ஆயினும், சங்கத்தின் தலைமை பெரும்பாலும் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்ட தலைமைக்காரர் கையிலேயே இருந்தது. கட்டளையிடுபவரும் அவரே, கட்டளை நிறைவேறியதா என விசாரிக்கும் கூட்டத்தின் தலைவரும் அவரே. உதியத்தாலும் செல்வத்தாலும் ஊரில் உயர்ந்து நின்ற அவரை எதிர்த்து எழுந்து கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? 1924-ஆம் ஆண்டின் சட்டம் தெரிவு செய்யப்படும் உறுப்பினருக்கு மிகுந்த இடமளித்தது. 1938-ஆம் ஆண்டின் திருத்தமோ உத்தியோகத் தலைமையை அகற்றி, உறுப்பினரே தம் தலைவரைத் தெரியும் உரிமையை நல்கிற்று. கேட்பவரும் செய்பவரும் வேறாதல் வேண்டும் என்னும் கொள்கை கிராமத்தளவில் வேரூன்றியது அதன் பின்னரே.

இதனிடையே, நாட்டு அரசாங்கமே ஒரு பெரும் மாநகரசபை போல நடத்தப்பட்டது வியப்புக்குரிய செய்தியாகும். டொனமூர் ஆணைக்குழுவினர், இலண்டன் மாவட்டசபையின் குழுமுறையை முன்மாதிரியாகக் கொண்டு, அரசாங்க சபையின் உறுப்பினரை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரித்தனர். ஒவ்வொரு குழுவும் தனக்குரிய திணைக்களங்களை மேற்பார்வை செய்தது. குழுவின் தலைவர் அமைச்சரானார். 1931-ஆம் ஆண்டு, கல்முனையை உள்ளடக்கிய மட்டக்களப்புத் தெற்குத் தொகுதியிலிருந்து தெரிவான மாக்கான் மாக்கார் அவர்கள், போக்குவரத்து, மராமத்துத் துறைக்கு அமைச்சராக விளங்கினார். இம்முறையால் எளிய உறுப்பினரும் திணைக்களத்தின் உள்விவரங்களை அறிந்தனர். ஆனால், ஏழு குழுக்களும் ஏழு திசையில் இழுத்தமையால் ஒருமித்த பொறுப்புக் குன்றிற்று. 1947-ஆம் ஆண்டு சோல்பரி யாப்புடன் அம்முறை நாட்டளவில் மறைந்தது. உள்ளூராட்சி மன்றங்களிலோ குழுக்கள் நிலைத்தன.

சுதந்திரத்தையடுத்த ஆண்டுகளில் கல்முனைக்கு ஒரு பட்டினசபையும், கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்கு என மூன்று கிராமசபைகளும் இருந்தன. ஒழுங்கை, தெருவிளக்கு, சந்தை, வடிகான் ஆகியனவே அவற்றின் கவலை. இத்தகைய சபைகளின் பணிகளை மூவர் கண்காணிப்பர்: கணக்காய்வாளர், வாக்காளர், சபையின் உறுப்பினர். கணக்காய்வாளர் நாயகத்தின் அலுவலர் ஏடுகளைப் பார்த்து, சட்டத்துக்கு மாறான செலவையோ கவனக்குறைவால் நேர்ந்த நட்டத்தையோ கண்டால், பொறுப்பானவரிடமிருந்தே அதனை அறவிடவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால், அவர் வருவது பணம் செலவான பின்பு. வாக்காளர் தீர்ப்பளிப்பது தவணை முடிந்த பின்பு. தெருவிலே கிறவல் பரவும்போதே அருகில் நின்று, அளவு சரிதானா என்று கேட்கத்தக்கவர் உறுப்பினரும் அவர் சார்ந்த குழுவுமே. நட்டம் வருமுன் காப்பது குழு. வந்தபின் கண்டறிவது கணக்காய்வு. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்றல் பொருந்தாது.

1981-ஆம் ஆண்டு பட்டினசபைகளும் கிராமசபைகளும் ஒழிக்கப்பட்டு, மாவட்ட அபிவிருத்திச் சபைகள் தோன்றின. ஒழுங்கையின் குறையை ஒழுங்கையிலேயே கூறும் வாய்ப்பு அதனாற் போயிற்று. 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை அமைத்தது. எனினும், நாட்டின் கலவரச் சூழ்நிலை காரணமாக, கிழக்கு மாகாணத்தில் 1994-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே அவற்றுக்கான தேர்தல் நடந்தேறியது. அச்சட்டத்தில் ஊன்றிக் கவனிக்கத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. நிதி, வீடமைப்பு, தொழினுட்பச் சேவை, சுற்றாடல் முதலிய துறைகளுக்கான குழுக்களிலே, உறுப்பினரோடு அப்பிரதேசத்துப் பொதுமக்களும் அமரலாம். மீனவரும், நெசவாளரும், ஆசிரியரும், குடும்பப் பெண்களும் குழுவில் இருந்து கேட்க வழி திறந்திருக்கிறது. குடிக்கொரு மரைக்காயர் இருந்த அவையின் புதுவடிவமே இஃது எனலாம். பழைய அவை விட்ட குறையை நீக்கவும் இதனால் இயலும்.

இங்கிலாந்திலும் 2000-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், பெரும்பாலான மன்றங்களில் முடிவெடுக்கும் சிலரையும் ஆராயும் பலரையும் வேறுபடுத்திற்று. ஆராயும் குழு ஆணையிடாது. ஆனால் பொறுப்பாளரை அழைத்து விளக்கம் கேட்கும். முடிவை மீளச் சிந்திக்குமாறு கூறும். குழுவிலே கட்சிப் பற்று மிகுந்தாலும், தகவல் கிடைக்காதொழிந்தாலும் அக்கேள்வி வெறுஞ் சடங்காகும் என்பது அந்நாட்டாரும் கண்ட உண்மையே.

கல்முனை 2001-ஆம் ஆண்டு மாநகரசபையாக உயர்ந்தது. சபை பெரிதாகியபோது, அது தம்மிடமிருந்து தூரமாயிற்று என்ற குறை சில ஊர்களில் எழுந்தது. சாய்ந்தமருது மக்கள் தனிச்சபை கோரினர். 2020-ஆம் ஆண்டு பெப்புருவரியில் அதற்கான வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்து, சில நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. எல்லை பற்றிய அவ்வழக்கின் இருதரப்பு நியாயங்களும் தனியே ஆராயத்தக்கவை. ஆயினும், தம் கண்ணுக்கெட்டிய இடத்திலே கணக்குக் கேட்க வேண்டும் என்னும் பழைய வேட்கை அதனுள் உறைந்திருப்பதை மறுத்தற்கில்லை.

2023-ஆம் ஆண்டு மார்ச்சில் நாடெங்கும் மன்றங்களின் காலம் முடிந்தது. 2025-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் நடந்த தேர்தலிலும், வழக்கு நிலுவையில் இருந்தமையால், கல்முனை மாநகரசபைக்கு வாக்கெடுப்பு நடைபெறவில்லை. தெரிவான சபை இல்லாத காலத்தில் அலுவலர் குப்பையை அகற்றலாம், விளக்கை ஏற்றலாம், அவர் நேர்மையாளராகவும் இருக்கலாம். 2016-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி குடிமகன் எழுதிக் கேட்டு விடை பெறவுங் கூடும். ஆனால், பலர் முன்னிலையில் எழுந்து நின்று, "இவ்வடிகான் ஏன் முடியவில்லை?" என்று மக்கள் பெயரால் கேட்கும் குரலுக்கு அவை ஈடாகா. முன்பு தலைமைக்காரர் காலத்திலே நேர்ந்த குறை, வேறொரு கோலத்தில் திரும்பி வந்ததெனவே அதனைக் கொள்ளல் வேண்டும்.

வட்டைவிதானை நல்லவர் என்பதற்காக எந்த உழவனும் வாய்க்காலைச் சென்று பாராமல் இருந்ததில்லை. அவன் பார்த்தது ஐயத்தினால் அன்று; வயல் தன்னுடையது என்னும் உரிமையினால். அவ்வுரிமையுணர்வு தெருவுக்கும் சந்தைக்கும் கிணற்றுக்கும் பரவுமாயின், சபைகள் எப்பெயரால் அமைந்தாலும் அவை மக்களுக்குரியனவாக விளங்கும்.