அசலும் நகலும்

பத்திரப் பதிவு அலுவலகத்திலும் தட்டச்சுக் கடையிலும் நாம் அன்றாடம் கேட்கும் அசல், நகல் என்னும் சொற்கள் இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. ‘அஸ்ல்’ என்பது வேர். ‘நக்ல்’ என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்த்தெடுத்தல். அச்சைக் குறிக்கும் ‘காலிப்’ என்னும் அரபுச் சொல்லோ மேற்கே சென்று, துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் ‘காலிபர்’ ஆயிற்று.

இச்சொற்களை நமக்கு நினைவூட்டியவர் கோரிப்பாளையத்து இளைஞர் ஒருவர். பாட்டனார் பினாங்கிலிருந்து கொணர்ந்த பிளாஸ்டிக் குதிரைவீரன் பொம்மைக்கு அவர் வீட்டு மாடியில் நகல் வார்க்கிறார். பொம்மையின் பாதியைக் களிமண்ணில் புதைத்து, அட்டைச் சுவர் எழுப்பி, சிலிக்கோன் ரப்பரை ஊற்றுகிறார். அது இறுகியதும் களிமண்ணை நீக்கி, ஒட்டாதிருக்க வாசலின் தடவி, மறுபாதியை ஊற்றுகிறார். பொம்மையை எடுத்துவிட்டு, இரு திரவங்களைக் கலந்து அவ்வச்சில் வார்த்தால் சில நிமிடங்களில் பிசின் கெட்டியாகிறது. ஈரம் பட்டால் நுரைத்துவிடும். ஆவியோ மூச்சுக்குக் கேடு. ஆதலின் சாளரங்களைத் திறந்து, கையுறை அணிந்தே செய்கிறார். 1937இல் ஜெர்மானியர் ஓட்டோ பேயர் கண்ட பாலியூரித்தேன் வகையைச் சார்ந்தது இப்பிசின்.

பொருள் புதிது, வித்தை பழையது. 1206இல் தம் பொறியியல் நூலை நிறைவு செய்த அல்ஜஸரீ, மூடிய பெட்டிகளில் மணலைத் திணித்து உலோகம் வார்க்கும் முறையை அதில் விளக்கியுள்ளார். 1893இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன், உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவிலுள்ளதைக் கவிழ்த்துக் கொட்டி, உள்ளீடற்ற போர்வீரர் பொம்மைகளை மலிவாக்கினார். ஈயம் நஞ்சென்பதால் பின்னாளில் பிளாஸ்டிக் அவ்விடத்தைப் பிடித்தது. ஆலை மூடப்பட்டு அதன் எஃகு அச்சு பழைய இரும்புக்குப் போய்விட்டால், எஞ்சிய பொம்மையே அச்சுக்குத் தாயாக வேண்டியதுதான்.

மதுரையை அடுத்த விளாச்சேரியின் கொலு பொம்மைக் கைவினைஞர்கள் அச்சின் இயல்பை நன்கறிவர். களிமண் காய்ந்து சூளையில் வெந்தால் சுருங்கும். சுட்ட பொம்மையிலிருந்தே அச்செடுத்தால் அடுத்தது இன்னும் சிறுக்கும். பிசினில் சுருக்கம் சிறிதே. ஆயினும் நகலுக்கு நகல் எடுக்குந்தோறும் வீரனின் மூக்கு மழுங்குகிறது, கடிவாளம் கரைகிறது. ஏடு பெயர்த்தெழுதியோர் கையிலும் இதுவே நேர்ந்தது. அதனாலன்றோ நம் முன்னோர், எழுதி முடித்த படியை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கும் ‘முகாபலா’வை வற்புறுத்தினர்; எந்தப் பிரதியைப் பார்த்து எழுதினோம் என்பதையும் பலர் இறுதியில் குறித்து வைத்தனர்.

பழம்பொருள் வாங்குவோர் ஒருவர் இந்நகலைக் கண்டு, அரத்தால் சற்றுத் தேய்த்துத் தேநீர்ச் சாயம் ஏற்றினால் அசலின் விலைக்கே போகும் என்றாராம். ‘செய்யலாமா?’ என்று இளைஞர் நம்மிடம் வந்தார். குடும்பத்தில் பணமுடை இருந்ததை நாம் அறிவோம். எனினும், கூடாது என்றோம். நகல் எடுப்பதில் பிழையில்லை, நகலென்று சொல்லாதிருப்பதே பிழை என்பது நம் கருத்து. சில நாள் அவர் நம்மைப் பார்க்க வரவில்லை.

பின்னொரு நாள் வந்தவர் அச்சைக் காட்டினார். குதிரையின் பீடம் படியும் இடத்தில் ‘நகல்’ என்றும் ஆண்டையும் கீறியிருந்தார். அச்சில் இடவலம் மாற்றிக் கீற வேண்டும் என்பதை முதன்முறை மறந்துவிட்டாராம். தமிழ் எழுத்து அரபியைப்போல் வலமிருந்து இடமாக ஓடியது! அந்த ஒரு பொம்மையை மட்டும் நம்மிடம் கொடுத்துச் சென்றார். அது நம் மேசைமேல் இருக்கிறது.