கண்வலி என்று ஏன் சொன்னார்கள்?

தாராபுரம், மூலனூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் போனால், கம்பி கட்டிய வரிசைகளில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கொடி பூத்து நிற்பதைப் பார்க்கலாம். என்ன வெள்ளாமை என்று கேட்டால் "கண்வலிங்க" என்பார்கள். செங்காந்தள் என்ற பேச்சே அங்கே எழாது. பாடப்புத்தகத்தில் மாநில மலராக இருக்கும் செங்காந்தளும், திருப்பூர் மாவட்டத்து உழவர் விதைக்காக வளர்க்கும் கண்வலியும் ஒரே செடிதான். இது தெரியாமலே வளரும் பிள்ளைகள் அதிகம்.

காந்தள் மிகப் பழைய பெயர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதலில் வருவது செங்காந்தள். தொல்காப்பியத்தில் அது வேலன் வெறியாட்டோடு சேர்ந்த ஒரு துறையின் பெயர். இதன் வேரைக் 'காந்து' என்ற வினையோடு பொருத்திப் பார்க்க இடமிருக்கிறது. மிளகாய் அரைத்த கை காந்துகிறது, பசித்த வயிறு காந்துகிறது என்று இன்றும் சொல்கிறோம். முடிந்த முடிவாக இதைச் சொல்லமாட்டேன். ஆனால் பூவைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு ஐயம் குறையும். ஆறு இதழும் ஓரம் நெளிந்து மேல்நோக்கி மடங்கி, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக நிற்பது விறகடுப்பில் எழும் தழல் போலவே இருக்கும். வடமொழியிலும் இதற்கு அக்னிசிகா, அதாவது தீக்கொழுந்து, என்று ஒரு பெயர் உண்டு.

மண்ணுக்கு மேலே பார்த்தவர்கள் நெருப்பைச் சொன்னார்கள். மண்ணைத் தோண்டியவர்கள் கலப்பைக் கிழங்கு என்றார்கள். இரண்டு கையாகப் பிரிந்து வளைந்திருக்கும் கிழங்குக்கு உழவர் வைத்த பெயர் அது. வடமொழி லாங்கலியும் கலப்பையைக் குறிக்கும் லாங்கலத்திலிருந்து வந்ததே. தோன்றி என்றொரு பெயரும் இருக்கிறது. கபிலர் காந்தளையும் தோன்றியையும் தனித்தனியாகச் சொல்ல, அகராதிகள் தோன்றிக்கும் செங்காந்தள் என்றே பொருள் தருகின்றன. மலையாளத்தில் இன்றும் இது மேந்தோன்னி. கோடை முழுக்க மண்ணுக்குள் கிடந்து, மழை விழுந்ததும் முளைவிட்டு வரும் செடிக்குத் தோன்றி பொருத்தமான பெயர் என்பது என் எண்ணம். ஈழத்திலோ பூக்கும் மாதமே பெயராகி, கார்த்திகைப் பூ ஆயிற்று.

இத்தனை அழகான பெயர்கள் இருக்க, கொங்கு நாட்டில் நின்றது கண்வலி. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையே காரணம் என்பார்கள். பார்ப்பதால் யாருக்கும் கண் நோவதில்லை. ஆனால் செடியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து இதன் கிழங்கைத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. காங்கேயம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி உயிர்வேலியாக நிற்பது கிளுவை. அப்படிப்பட்ட வேலிகளில் படர்ந்து பூக்கும் கொடியிடம் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் போகாமல் இருக்க, நஞ்சு என்று விளக்குவதைவிடக் கண் வலிக்கும் என்று சொல்வது பலித்திருக்கும். எச்சரிக்கையையே பெயராக வைத்தவர்களின் அறிவை நான் மதிக்கிறேன்.

நஞ்சின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பியத் தோட்டங்களில் இலையுதிர் காலத்தில், இலையே இல்லாமல் தரையிலிருந்து நேராகப் பூக்கும் கோல்ச்சிகம் என்ற கிழங்குச் செடி நம் காந்தளுக்கு ஒரே குடும்பத்து உறவு. கருங்கடலின் கிழக்குக் கரையில் இருந்த கோல்கிஸ் என்ற நாட்டின் பெயரால் அது அழைக்கப்பட்டது. கிரேக்கக் கதையில் நஞ்சு மருந்துகளில் தேர்ந்த மெடேயாவின் ஊர் அது. 1820-இல் பிரான்சில் பெல்லெத்தியே, காவெந்து இருவரும் அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் கோல்ச்சிசின். கவுட் என்னும் மூட்டுவலிக்கு அது மருந்து. அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். அதே கோல்ச்சிசின் கண்வலி விதையிலும் இருப்பதால்தான் மூலனூர் விதைக்கு மருந்துச் சந்தையில் கிராக்கி.

வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் ஆடியில் கிழங்கை ஊன்றலாம். அகலமான தொட்டியில், தண்ணீர் தேங்காத மணல் கலந்த செம்மண்ணில், மூன்று விரல் ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். முளை கிழங்குக் கையின் நுனியில் இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடிப்பதால் குச்சியோ வலையோ போதும். சூல்தண்டு அடியிலேயே மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நீண்டிருக்கும். அதனால்தான் கண்வலிக் காடுகளில் காலை நேரத்தில் ஆட்கள் பூப் பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். பூ மட்டும் போதும் என்பவர்களுக்கு அந்த வேலை இல்லை. இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிட்டால் கிழங்கு அடுத்த மழைக்காலம் வரை உறங்கும்.

கையுறை போட்டே கிழங்கைத் தொடுங்கள். குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்டியில் பெயர் எழுதுவதானால் செங்காந்தள் என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், கண்வலிக்கிழங்கு என்றும் சேர்த்து எழுதுங்கள்.