சிறு முதலீட்டுத் திகில் படங்கள்: வசூல் அறிவிப்பும் உண்மையான லாபக் கணக்கும்

ஹைதராபாத்: முன்னணி நடிகர் இல்லை, வெளிநாட்டுப் படப்பிடிப்பு இல்லை, பெரிய தயாரிப்பு நிறுவனத்தின் பின்பலமும் இல்லை. ஆயினும் தெலுங்குத் திரையுலகில் புதியவர்கள் துணிந்து பணம் போடும் வகைகளில் திகில் படமும் ஒன்றாக இருந்துவருகிறது. இத்தகைய படம் வெற்றி பெற்றால், "போட்டதைப் போலப் பல மடங்கு வசூல்" என்ற அறிவிப்பு உடனே வெளியாகிறது. அந்த வசூலில் தயாரிப்பாளரின் கைக்கு வருவது எவ்வளவு என்பதோ பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. சிறு திகில் படங்களின் லாபநட்டத்தைத் தீர்மானிப்பது அறிவிக்கப்படும் மொத்த வசூல் மட்டுமன்று. படத்தின் செலவும், அது எந்த ஒப்பந்தத்தின்கீழ் திரையரங்குக்குச் சென்றது என்பதும் அதைவிட முக்கியமானவை.

முன்னோடிகள்

ஹைதராபாத்தில் வீடியோ கேசட் கடை நடத்தி, பின்னர் இயக்குநரான ராம் கோபால் வர்மா, 1992-ஆம் ஆண்டில் நடிகை ரேவதியை வைத்து 'ராத்திரி' என்ற திகில் படத்தைத் தெலுங்கிலும் இந்தியிலும் எடுத்தார். தொடர்ந்து 1996-இல் 'தெய்யம்' படத்தை இயக்கினார். நாயகனின் புகழை நம்பாமல் ஒலி, ஒளி, அச்சம் ஆகியவற்றை நம்பிப் படம் எடுக்கலாம் என்ற வழியை இவை காட்டின.

இந்த வகையைச் சிறு தயாரிப்பாளர்களின் வியாபாரமாக மாற்றியதில் 2013-இல் வெளியான 'பிரேம கதா சித்ரம்' படத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. மாருதியின் கதையில் ஜே.பிரபாகர் ரெட்டி இயக்கிய இப்படம் திகிலையும் நகைச்சுவையையும் ஒருசேரத் தந்தது. பெரும்பகுதிக் கதை ஒரே வீட்டுக்குள் நடப்பதால் செலவு குறைந்தது. இதன் தமிழ் வடிவமே 2015 பொங்கலுக்கு வெளியான ஜி.வி.பிரகாஷ் குமாரின் 'டார்லிங்'. தமிழிலும் 2012-இல் கார்த்திக் சுப்பராஜின் முதல் படமான 'பீட்சா' குறைந்த செலவில் உருவாகி, தெலுங்கில் மொழிமாற்றமாகவும் கன்னடத்திலும் இந்தியிலும் மறுஆக்கமாகவும் சென்றது. இவ்வாறு மொழிமாற்று உரிமையும் மறுஆக்க உரிமையும் திரையரங்குக்கு வெளியே கிடைக்கும் வருவாய்களாக அமைந்தன.

வசூலும் 'ஷேரும்'

டிக்கெட் விற்பனையில் கிடைக்கும் முழுத் தொகையே 'கிராஸ்' எனப்படும் மொத்த வசூல். அதிலிருந்து ஜிஎஸ்டி வரி கழிந்தபின் எஞ்சுவது நிகர வசூல். அதில் திரையரங்கின் பங்கு போக, விநியோகஸ்தர் தரப்புக்குக் கிடைப்பதே 'ஷேர்'. விளம்பரங்களில் இடம்பெறுவது பெரும்பாலும் முதல் எண். முதலீட்டைத் திருப்பித் தருவது கடைசி எண்.

தெலங்கானா அரசு 2021 டிசம்பரில் பிறப்பித்த ஆணைப்படி, குளிரூட்டப்பட்ட தனித் திரையரங்குகளில் அதிகபட்சக் கட்டணம் 150 ரூபாய் எனவும், மல்டிபிளெக்ஸ்களில் 250 ரூபாய் எனவும் நிர்ணயிக்கப்பட்டது. இவற்றின்மீது வரி தனி. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால், 250 ரூபாய் டிக்கெட்டுக்கு ரசிகர் 295 ரூபாய் செலுத்துகிறார். அதில் 45 ரூபாய் வரியாகிறது. எஞ்சிய 250 ரூபாயில் பாதி திரையரங்குக்கு என்று கொண்டால், விநியோகஸ்தர் தரப்புக்கு வருவது 125 ரூபாய்.

எடுத்துக்காட்டாக, ஒரு படம் 10 கோடி ரூபாய் மொத்த வசூல் ஈட்டியதாகக் கொள்வோம். 18 சதவீத வரி நீங்கினால் ஏறத்தாழ 8.47 கோடி ரூபாய் நிற்கும். அதில் பாதி 4.24 கோடி ரூபாய். விநியோகக் கமிஷன், விளம்பரச் செலவு, டிஜிட்டல் திரையிடலுக்கான விபிஎஃப் கட்டணம் ஆகியவை இதிலிருந்தே செல்ல வேண்டும். படத்தின் தயாரிப்புச் செலவு 2 கோடி என்றால் இது லாபம். 5 கோடி என்றால், ஓடிடி, தொலைக்காட்சி உரிமைகள் கைகொடுக்காவிடில் நட்டம். வசூல் ஒன்றே, முடிவு இரண்டு.

வெளியீட்டு ஒப்பந்தங்கள்

தெலுங்குப் பட வணிகத்தில் தெலங்கானா இன்றும் 'நைஜாம்' என்றே அழைக்கப்படுகிறது. ராயலசீமா 'சீடெட்' எனப்படுகிறது. எஞ்சிய ஆந்திரப் பகுதி தனித்தனி ஏரியாக்களாகப் பிரித்து விற்கப்படுகிறது. முன்னணி நடிகரின் படமென்றால் விநியோகஸ்தர்கள் ஏரியா உரிமையை முன்கூட்டியே விலைக்கு வாங்குவர், அல்லது 'மினிமம் கியாரண்டி' தருவர். அதனால் நட்டத்தின் சுமை பலரிடையே பகிரப்படுகிறது.

சிறு படத்துக்கு அந்த வாய்ப்பு அரிது. பல நேரங்களில் கமிஷன் அடிப்படையில், தயாரிப்பாளரின் சொந்தப் பொறுப்பிலேயே படம் வெளியாகிறது. வாடகை முறையில் திரையரங்கை எடுத்து, வசூல் வாடகையைக்கூட எட்டாவிட்டால் பற்றாக்குறையையும் அவரே ஈடுகட்ட நேரும். இதையே வணிக வட்டாரத்தில் 'நெகட்டிவ் ஷேர்' என்கின்றனர். படம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடன் வளரும் நிலை இது.

'மசூதா', 'பொலிமேரா': இரு வழிகள்

2022 நவம்பர் 18-இல் வெளியான 'மசூதா', ராகுல் யாதவ் நக்காவின் ஸ்வதர்ம் என்டர்டெயின்மென்ட் தயாரிப்பு. சாய் கிரண் இயக்க, சங்கீதா, திருவீர், காவ்யா கல்யாண்ராம் ஆகியோர் நடித்தனர். நகைச்சுவையைக் கலக்காமல் முழுநீளத் திகிலாக எடுக்கப்பட்ட இப்படத்தைத் தில் ராஜுவின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கிரியேஷன்ஸ் வெளியிட்டது. சுயாதீனப் படத்துக்குப் பெரிய விநியோக நிறுவனத்தின் கரம் கிடைத்ததால், திரைகளும் காட்சி நேரங்களும் கிடைப்பது எளிதானது. பார்த்தவர்களின் வாய்மொழிப் பாராட்டே படத்தைத் தாங்கியது. ஐந்து வாரங்களுக்குள், டிசம்பர் 21 அன்று, அது ஆஹா ஓடிடி தளத்துக்கு வந்தது.

அனில் விஸ்வநாத் இயக்கிய 'மா ஊரி பொலிமேரா' இதற்கு நேர்மாறான வழியில் வந்தது. சத்யம் ராஜேஷ், காமாட்சி பாஸ்கர்லா நடித்த முதல் பாகம், 2021 டிசம்பரில் திரையரங்குக்கு வராமல் நேரடியாக டிஸ்னி ஹாட்ஸ்டாரில் வெளியானது. வீட்டிலிருந்தபடி அதைப் பார்த்தவர்களே இரண்டாம் பாகத்துக்கான ரசிகர்களாயினர். 2023 நவம்பர் 3-இல் திரையரங்குகளில் வெளியான 'பொலிமேரா 2' வணிக ரீதியாக வெற்றி கண்டது. பெரும் பணம் செலவிட்டு உருவாக்க வேண்டிய விளம்பரத்தை முதல் பாகமே செய்து முடித்திருந்தது.

தொடர்ச்சி என்பதே வெற்றிக்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2019-இல் வந்த 'பிரேம கதா சித்ரம் 2', 2024-இல் வந்த 'கீதாஞ்சலி மள்ளி வச்சிந்தி' ஆகியவை முதல் பாகங்கள் பெற்ற வரவேற்பைப் பெறவில்லை.

உலக அனுபவம்

ஏறத்தாழ 15 ஆயிரம் டாலர் செலவில் படமாக்கப்பட்டு, பாரமவுண்ட் நிறுவனத்தால் 2009-இல் பரவலாக வெளியிடப்பட்ட 'பாராநார்மல் ஆக்டிவிட்டி', உலகெங்கும் 19 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. 1999-இன் 'பிளேர் விட்ச் பிராஜெக்ட்' வசூல் 24 கோடி டாலரைத் தாண்டியது. திகில் படத்துக்கு முதலீடு தேடுவோர் அதிகம் காட்டும் எடுத்துக்காட்டுகள் இவையே. எனினும் இவ்விரு படங்களையும் உலகெங்கும் கொண்டுசென்றவை, முடிந்த படத்தை வாங்கிய நிறுவனங்கள். விளம்பரத்துக்கு அவை செலவிட்ட தொகை அந்தச் சிறிய தயாரிப்புச் செலவில் அடங்காது. 'பிளேர் விட்ச்' படத்தின் முதன்மை நடிகர்கள் மூவரும், வசூலுக்கேற்ற பங்கு தங்களுக்குக் கிடைக்கவில்லை எனக் கால் நூற்றாண்டு கடந்து 2024-இலும் முறையிட்டனர்.

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) மற்றொரு பாடம். படத்தின் பெயர் மாற்றப்பட்டபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால், அப்படம் பொதுவுடைமையாயிற்று. உலகம் முழுவதும் பலர் அதைத் திரையிட்டும் விற்றும் பணம் ஈட்ட, எடுத்தவர்களுக்கு அந்த வருவாயில் உரிமை இல்லாமற்போனது.

இந்தியாவில் 'தும்பாட்' காலம் தாழ்ந்து பலன் கண்டது. 2018 அக்டோபரில் முதலில் வெளியானபோது மிதமாகவே ஓடிய இப்படம், 2024 செப்டம்பர் 13-இல் மறுவெளியீடு செய்யப்பட்டபோது முதல் வெளியீட்டின் வசூலைக் கடந்தது. உரிமையைத் தக்கவைத்திருக்கும் படமே இத்தகைய இரண்டாம் வாய்ப்பைப் பயன்படுத்த முடியும்.

திரையரங்குகளின் நிலை

இக்கணக்கில் தனித் திரையரங்குகளுக்கும் பங்கு உண்டு. போதிய படங்களும் பார்வையாளர்களும் இல்லை எனக் கூறி, தெலங்கானாவின் தனித் திரையரங்கு உரிமையாளர்கள் 2024 மே 17 முதல் சில நாள்களுக்குக் காட்சிகளை நிறுத்துவதாக அறிவித்தனர். வாடகை முறையைக் கைவிட்டு, மல்டிபிளெக்ஸ்களுக்கு வழங்குவதுபோல் வசூலில் சதவீதப் பங்கு தர வேண்டும் என 2025 மே மாதத்தில் இரு தெலுங்கு மாநிலத் திரையரங்கு உரிமையாளர்கள் கோரினர். சதவீத முறையில் பார்வையாளர் குறையும்போது நட்டம் இரு தரப்புக்கும் பகிரப்படும் என்பதால், இக்கோரிக்கை சிறு படத் தயாரிப்பாளர்களையும் நேரடியாகத் தொடுகிறது.

பெரிய படங்கள் வராத வாரங்களில் திரையை நிரப்புபவை சிறு படங்களே. அதேவேளை, அடுத்த வெள்ளிக்கிழமை முன்னணி நடிகரின் படம் வந்தால் முதலில் காட்சிகளை இழப்பவையும் அவையே. வாய்மொழியாகப் பரவி வளர வேண்டிய திகில் படத்துக்கு, இரண்டாம் வாரம் கிடைக்காமற்போவது பேரிழப்பாகிறது.

சரிபார்க்க வழியுண்டா?

அமெரிக்காவில் காம்ஸ்கோர் நிறுவனம் திரையரங்குகளிடமிருந்து டிக்கெட் விற்பனைத் தரவைத் திரட்டுகிறது. இந்தியாவில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய, தணிக்கை செய்யப்பட்ட வசூல் பதிவேடு இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் சுவரொட்டியும் வணிக இணையதளங்களின் மதிப்பீடுமே பெரும்பாலும் ஆதாரம். இவை ஒன்றுக்கொன்று மாறுபடுவதும் வழக்கம்.

கேரளத் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம் 2025 பிப்ரவரியில் வேறொரு முயற்சியைத் தொடங்கியது. அம்மாநிலத்தில் வெளியான படங்களின் செலவையும் கேரளத் திரையரங்குகளில் கிடைத்த ஷேரையும் அது பட்டியலாக வெளியிட்டது. அந்த ஆண்டு ஜனவரியில் வந்த 28 படங்களால் மொத்தம் 110 கோடி ரூபாய் இழப்பு ஏற்பட்டதாகச் சங்கம் தெரிவித்தது. வெற்றிப்படங்களின் எண்களை மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்குத் தோல்விகளின் அளவையும் அப்பட்டியல் காட்டியது.

ஆகவே ஒரு சிறு திகில் படத்தின் வசூல் அறிவிப்பைக் காணும்போது மூன்று விவரங்களைக் கவனிக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட தொகை மொத்த வசூலா, ஷேரா என்பது முதலாவது. விளம்பரச் செலவையும் சேர்த்துப் படத்துக்கு எவ்வளவு செலவானது என்பது இரண்டாவது. படம் விலைக்கு விற்கப்பட்டதா, தயாரிப்பாளரின் சொந்தப் பொறுப்பில் வெளியானதா என்பது மூன்றாவது. நிலத்தையோ சேமிப்பையோ பணயம் வைத்து முதல் படம் எடுக்க வருவோருக்கு, சுவரொட்டியில் உள்ள கோடிகளைவிட இந்த மூன்று விவரங்களே பயன்படும்.